பாலாய்க்குப் போவதா, அண்ணனிடம் போவதா?

பட்டர்வொர்த்திலிருந்து தினமும் கல்லூரிக்கு வந்துபோகும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. சுருக்கித் தருகிறேன்: "வளரும் நாடுகளில் குற்றம் பெருக வறுமை காரணமா, நிர்வாகச் சீர்கேடு காரணமா? எங்கள் பிளாட்டில் என் வயதுப் பையன்கள் பாதிப் பேர் ஏதாவது ஒரு நம்பரில், அதாவது குண்டர் கும்பலில், இருக்கிறார்கள். விரிவுரையாளர் எல்லாம் பொருளாதாரம் என்கிறார். அப்பா, வளர்ப்பு சரியில்லை என்கிறார். நீங்கள் கோர்ட்டில் பார்ப்பது என்ன?"

தம்பி, நான் பினாங்கில் இருபது வருடத்துக்கு மேலாகக் கிரிமினல் கேஸ் நடத்துகிறவன். இலவச சட்ட உதவிப் பட்டியலில் பெயர் இருப்பதால், ரிமாண்டுக்குக் கொண்டுவரும் பையன்களை வாரத்தில் ஒரு நாளாவது பார்த்துவிடுவேன். இந்தக் கேள்வி என்னையும் ரொம்ப நாளாக அரித்ததால், ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஷ்டம் வந்தால் எல்லோரும் யாரிடமாவது போய்த்தான் நிற்க வேண்டும். யாரிடம் போய் நிற்கிறார்கள் என்பதை முடிவு செய்வது நிர்வாகம். பாலாய் என்கிற போலீஸ் நிலையம், பேங்க், பதிவு இலாகா, கோர்ட் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே போவார்கள். இல்லாவிட்டால் பிளாட்டுக்குக் கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் கும்பல் அண்ணனிடம் போவார்கள். குற்றம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் உங்கள் விரிவுரையாளர் பக்கம் வருவோம். ஏழ்மை இருந்தால் குற்றம் இருக்கும் என்று மொட்டையாகச் சொன்னால் கணக்கு உதைக்கும். வங்காளதேசம் பிரேசிலைவிடப் பல மடங்கு ஏழை நாடு. ஆனால் கொலை விகிதத்தில் பிரேசில் அதைவிடப் பல மடங்கு மேலே நிற்கிறது. 2017இல் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 30 கொலைகள். இந்தோனேசியா நம் மலேசியாவைவிட ஏழை. அங்கே கொலை மிகக் குறைவு. வீட்டுக் கதையே சொல்கிறேன். என் பாட்டி சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் கூடக் கிடையாது என்று பெருமையாகச் சொல்வார். நான் சிறுவனாக இருந்தபோது அதை அப்படியே நம்பினேன். பிறகுதான் யோசித்தேன்: பூட்டுப் போட அந்த வீட்டுக்குள் என்ன இருந்தது? கள்ளுக்கடையில் மண்டை உடைந்ததும், பெண்டாட்டியை அடித்ததும் தோட்டத்துக்குள்ளேயே முடிந்துபோயின. கணக்கெழுதும் கிராணியும் தோட்டத்துத் துரையும்தான் போலீஸ், அவர்கள்தான் கோர்ட். எந்தப் புள்ளிவிவரத்திலும் அது ஏறியிருக்காது. பழைய காலத்தில் குற்றமே இல்லை என்று யாராவது சொன்னால், யார் எழுதி வைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அதற்காக வறுமைக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியின் பவேரியாவைப் பற்றியது. அங்கே மழை அளவுக்கு மிஞ்சினால் கம்புபோல ஏழைகள் சாப்பிடும் 'ரை' தானியத்தின் விலை ஏறும். விலை ஏறிய வருடங்களில் திருட்டு ஏறியிருக்கிறது. மழைக்கும் மனிதனின் ஒழுக்கத்துக்கும் சம்பந்தமில்லை அல்லவா? ஆகவே பசிதான் திருட வைத்தது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், அதே வருடங்களில் அடிதடி குறைந்தது. தானியம் விலை ஏறியதால் பீரும் விலை ஏறியிருக்கும், குடி குறைந்திருக்கும் என்று ஆராய்ந்தவர்கள் ஊகிக்கிறார்கள். என் பாட்டி இதைக் கேட்டிருந்தால், இதைக் கண்டுபிடிக்கப் பேராசிரியர்கள் எதற்கு என்று கேட்டிருப்பார்.

கொலம்பியாவில் இன்னொரு பாடம் கிடைத்தது. 1990களின் கடைசியில் காப்பிக்கொட்டை விலை விழுந்தபோது, காப்பி விளையும் ஊர்களில் ஆயுதக் குழுக்களின் வன்முறை கூடியது. கூலி போனவன் துப்பாக்கி தூக்கினான் என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் எண்ணெய் எடுக்கும் ஊர்களில் நேர்மாறாக, எண்ணெய் விலை ஏறியபோது வன்முறை கூடியது. பணம் புழங்கும் இடத்தில் கொள்ளையடிக்கவும் ஆள் வருவான் இல்லையா? ஆகவே கஷ்டமும் குற்றம் வளர்க்கும், காவல் இல்லாத செல்வமும் குற்றம் வளர்க்கும்.

ஏழ்மையைவிட ஏற்றத்தாழ்வுதான் அதிகம் கடிக்கிறது என்பதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. 1965 முதல் 1995 வரை பல நாடுகளின் கொலை, கொள்ளைக் கணக்குகளை ஒப்பிட்ட உலக வங்கிப் பொருளியலாளர்கள், வருமான இடைவெளி அகன்ற நாடுகளில் இரண்டுமே கூடுவதைக் கண்டார்கள். ஜெலுத்தோங் பிளாட் ஜன்னலில் நின்று கடலோரக் கோண்டோக்களைப் பார்க்கிறவனுக்கு இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி நாம் எல்லோரும் கண்ணால் பார்த்த ஒன்றுக்கு வருகிறேன். 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. மே மாதம் வேலையில்லாதோர் விகிதம் 5.3 விழுக்காட்டைத் தொட்டது. பல பத்தாண்டுகளில் நாடு பார்க்காத எண் அது. அடுத்த வருடம் நடுவில், சோற்றுக்கு இல்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டுங்கள் என்று ஓர் இயக்கம் பரவி, பிளாட்டுக்குப் பிளாட் வெள்ளைக் கொடி தொங்கியது. வறுமைதான் குற்றம் என்றால் தெருவெல்லாம் கொள்ளை நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. வழிப்பறியும் வீடு புகுந்து திருடுவதும் குறைந்தன. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், சாலைக்குச் சாலை போலீஸ் தடுப்பு இருந்தது, அக்கம்பக்கத்தார் வாசலில் அரிசி மூட்டை வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அதே காலத்தில் போன் வழி, இணையம் வழி மோசடி கிளம்பி மேலேறியது. கஷ்டம் அப்படியே இருந்தது; கதவு எது திறந்திருந்ததோ அது வழியாகக் குற்றம் வந்தது.

அந்தக் கதவு எப்படித் திறக்கிறது என்பதற்கு ஒரு கேஸ் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பையனுக்கு 19 வயது. பிறையில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை. ஓவர்டைம் நின்றுபோனதால் கைக்கு வருவது பாதியாகிவிட்டது. அப்பா மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை முறித்துக்கொண்டு படுத்திருக்கிறார். கூடப் படித்தவன் ஒருவன் வந்து, "பேங்கில் ஒரு கணக்குத் திற, ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் குடு, 300 ரிங்கிட் கைமேல" என்கிறான். பையன் கொடுத்துவிட்டான். அந்தக் கணக்கு வழியாக நாலே நாளில் ஈப்போவில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் சேமிப்பு முழுவதும் ஓடிப்போய்விட்டது. மலாய்க்காரர்கள் இதைக் 'கெல்டாய்' கணக்கு என்பார்கள், அதாவது கழுதைக் கணக்கு. சுமை வேறு யாருடையதோ. அடி வாங்குவது கழுதை. பையனைப் பிடித்து நானூற்று இருபதாம் பிரிவில் ரிமாண்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிரிவுக்கு முதலில் அதிகபட்சம் 4 நாள் காவல், பிறகு 3 நாள். லாக்கப் சட்டையில், செருப்பில்லாமல், கைவிலங்கோடு நின்றான். வாசலில் அவன் அம்மா, நெகிழிப் பையில் பொட்டலம் கட்டிய நாசி லெமாக்கோடு நின்றார். என்னிடம் அவர் கேட்டது இதுதான்: "லாயரய்யா, அவன் கார்டு தானே குடுத்தான், யார் காசையும் எடுக்கலியே?"

இதில் வறுமை எங்கே, நிர்வாகம் எங்கே என்று பிரித்துப் பாருங்கள். 300 ரிங்கிட் தேவைப்பட்டது வறுமை. அப்பாவின் விபத்துக்குச் சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதி அமைப்பில் இழப்பீடு கோரலாம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பாரத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார ஆள் இல்லை. அது நிர்வாகம். ஆசிரியை பணம் போன அன்றே பேங்கைக் கூப்பிட்டிருக்கிறார். அப்போது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அலைய விட்டிருக்கிறார்கள். 997 என்ற ஒரே எண்ணில் எல்லாத் தரப்பையும் சேர்த்த தேசிய மோசடித் தடுப்பு மையம் 2022 அக்டோபரில்தான் வந்தது. கழுதைக் கணக்குக்கென்றே தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் 2024இல்தான் சேர்ந்தன. மோசடிக்காரன் நம்மைவிட சில வருடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். கூடப் படித்தவனையும், அவனுக்கு மேலே இருந்தவனையும் இன்றுவரை யாரும் பிடிக்கவில்லை.

கடைசி வரி முக்கியம். கேரி பெக்கர் என்ற பொருளியலாளர் 1960களில் ஒரு மாணவரின் வாய்மொழித் தேர்வுக்குத் தாமதமாகக் காரில் போய்க்கொண்டிருந்தார். காசு கட்டி நிறுத்தும் இடம் தூரம், தெருவில் நிறுத்தினால் அபராதம். மாட்டிக்கொள்ள எத்தனை வாய்ப்பு, மாட்டினால் எவ்வளவு என்று மனதுக்குள் கூட்டிக் கழித்துவிட்டுத் தெருவிலேயே நிறுத்திவிட்டார். குற்றவாளிகளும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள் என்ற யோசனை அங்கே பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1968இல் அதைக் கட்டுரையாக எழுதினார். 1992இல் நோபல் பரிசும் வாங்கினார். அவருக்குப் பின் வந்த ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்வது, தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட மாட்டுவது எவ்வளவு நிச்சயம் என்பதுதான் ஆளைத் தடுக்கிறது என்று. நம் ஊரில் போக்குவரத்து அபராதச் சீட்டான 'சமன்' கதையை நினைத்துப் பாருங்கள். போலீஸ் சமன் வந்தால் யார் உடனே கட்டினார்கள்? எப்படியும் வருடக் கடைசியில் 50 விழுக்காடு தள்ளுபடி அறிவிப்பார்கள் என்று காத்திருந்தோம். நேர்மையாகக் கட்டியவன்தான் ஏமாளி. இப்படிச் சட்டத்தைத் தள்ளுபடி விலையில் விற்றுப் பழக்கியது யார்? இதைச் சொல்கிற நானும் காத்திருந்தவன்தான்.

நிச்சயம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஏழை மாநிலம் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். பீகார். ஆள் கடத்தலுக்குப் பேர்போன இடமாக இருந்தது. 2005 கடைசியில் நிதிஷ்குமார் அரசு வந்ததும் செய்த காரியம் பார்வைக்குச் சாதாரணமானது: பெரிய ரௌடிகள் மீது சட்டவிரோத ஆயுத வழக்குகளை முதலில் எடுத்து, விரைவு விசாரணையில் முடித்தார்கள். ஆயுத வழக்கை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? சாட்சி பெரும்பாலும் போலீஸ்காரர்களே. கொலை வழக்கில் ஊர்க்காரரைச் சாட்சிக்கு இழுத்தால் மிரட்டிப் பின்வாங்க வைப்பார்கள். இதில் மிரட்ட ஆளில்லை. பீகாரின் வறுமை ஓரிரு வருடத்தில் எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் கடத்தல் நன்றாகவே குறைந்தது. இருட்டிய பிறகு ஜனங்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். ஜார்ஜியா நாட்டில் 2004இல் லஞ்சத்தில் ஊறிய போக்குவரத்துப் போலீசை, 15,000 பேருக்கு மேல், ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புது ஆட்களை நல்ல சம்பளத்தில் எடுத்தார்கள். நம் ஊரில் அதைச் செய்ய முடியுமா என்று கேட்காதீர்கள். பெரிய சாலைகளில் 'கோப்பிக் காசு' அங்கே கிட்டத்தட்ட மறைந்தே போனது என்பது மட்டும் உண்மை.

சரி, உங்கள் பிளாட்டுக்கு வருகிறேன். இதுதான் நான் அதிகம் பேச விரும்பும் இடம்.

ஒரு தாய்க்கு, உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் 2,000 ரிங்கிட் கடன். சட்டப்படி உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. அடமானம் இருந்தால் 12. இவர் கட்டியது வாரத்துக்கு 10 விழுக்காடு. உத்தரவாதமாக ஏடிஎம் கார்டைப் பின் நம்பரோடு கொடுத்திருந்தார். (கார்டு மறுபடி வருகிறது பாருங்கள். அந்தக் கணக்கும் பிறகு கழுதையாகியது.) இரண்டு வாரம் தவறியதும் கதவில் சிவப்புச் சாயம், கேட்டுக்கு சைக்கிள் பூட்டு. பாலாய்க்குப் போனார். எந்தப் பாலாய் என்று சொல்ல மாட்டேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "கடன் வாங்குனது நீங்க, கட்ட வேண்டியதும் நீங்க" என்று ரிப்போர்ட் எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பிளாட்டில் உள்ள அண்ணனிடம் போனார். அண்ணன் ஒரு போன் போட்டார். சாயம் நின்றது, வட்டியும் நின்றது, முதலைத் தவணையில் கட்டச் சொல்லி முடித்துவைத்தார். அந்த அம்மாவின் பார்வையில் எது அரசாங்கம்? ஆறு மாதம் கழித்து அண்ணன் அவர் மகனிடம் ஒரு பையைப் பேரா மாநிலம்வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். மறுக்க முடியுமா?

கும்பல் என்றால் கத்தியும் பாரங்கும் மட்டும் என்று பத்திரிகை படிக்கிறவர்கள் நினைக்கிறார்கள். சாவு வீட்டில் கூடாரம் போட்டு, வண்டி பிடித்து, பிணத்தை எரிக்கும்வரை நிற்பவன் யார் என்று பிளாட்டில் கேட்டுப் பாருங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் காவடிக்குச் செலவு செய்கிறவன் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

இது புதிய கதையும் இல்லை. ஜார்ஜ் டவுனில் கூ கொங்சி என்ற சீனக் குலக் கோயில் பக்கம் போனால் பீரங்கித் தெரு என்று ஒன்று இருக்கிறது. 1867 ஆகஸ்டில் கீ ஹின், தோ பே கோங் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் இந்தத் தெருக்களில் பத்து நாள் அடித்துக்கொண்டன. பீரங்கி கூட வெடித்தது. தெருவின் பெயர் அதனால் வந்தது என்பார்கள். சீனர் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. வெள்ளைக் கொடிச் சங்கத்தார் கீ ஹின் பக்கமும், சிவப்புக் கொடிச் சங்கத்தார் தோ பே கோங் பக்கமும் நின்றார்கள். இந்தக் கொடிச் சங்கங்களில் மலாய்க்காரர்களோடு நம் தமிழ் முஸ்லிம்களும், இந்திய-மலாய்க் கலப்பு முஸ்லிம்களான ஜாவி பெக்கான்களும் இருந்தார்கள். ஏன் சேர்ந்தார்கள்? பிரிட்டிஷ்காரனுக்குத் துறைமுகமும் வரியும் தேவைப்பட்டன. அபின் வரியைக் கூடத் தானே வசூலிக்காமல் குத்தகைக்கு விட்டான். கப்பலிலிருந்து இறங்கும் கூலிக்குப் படுக்க இடம், வேலை, கடன், செத்தால் அடக்கம், தகராறென்றால் பஞ்சாயத்து, இவை அத்தனையும் சங்கங்கள்தான் கொடுத்தன. அரசாங்கம் செய்யாத வேலையைச் செய்தவன் அரசாங்கத்துக்குரிய விசுவாசத்தையும் வாங்கிக்கொண்டான். பிறகு விசாரணைக் குழு வைத்தார்கள். 1890இல் நடப்புக்கு வந்த சட்டத்தால் ரகசியச் சங்கங்களைத் தடை செய்தார்கள். தடை செய்தவை வேறு பெயரில் நம் காலம்வரை வந்துவிட்டன. இன்று 04, 08, 36 என்று நாம் சொல்லும் எண்களின் வம்சாவளி அங்கிருந்து வருவதுதான்.

தமிழர்கள் இந்த எண்களுக்குள் எப்படிக் குவிந்தார்கள்? 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. சுமார் 40,000 உறுப்பினர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர்கள் என்றது. நாட்டு மக்கள்தொகையில் நாம் 7 விழுக்காடு கூட இல்லை. போலீஸ் யாரைக் கண்காணிக்கிறதோ அவர்கள்தான் பட்டியலில் ஏறுவார்கள் என்பதால் அந்த எண்ணை நான் அப்படியே விழுங்கமாட்டேன். ஆனாலும் உண்மை இல்லை என்று தள்ளவும் என்னால் முடியாது. ரிமாண்ட் வரிசையில் நிற்கும் முகங்களை நான்தானே பார்க்கிறேன்.

தோட்டம் தனியார் நிலம். அதனால் 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கைக் காலத்தில் மலாய்க் கிராமங்களான கம்போங்குகளுக்குப் போன சாலை, தண்ணீர், மின்சாரத் திட்டங்கள் தோட்டத்துக்குள் பெரும்பாலும் வரவில்லை. பிறகு தோட்டங்களைத் துண்டாடி, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற்றியபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போனது. தோட்டப் பள்ளி, கோயில், வேலை மேற்பார்க்கும் தண்டல், பெரியவர் என்று இருந்த கட்டும் சேர்ந்து போனது. வந்து இறங்கிய புறம்போக்கு நிலத்திலும் நிம்மதி இல்லை. 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயா கம்போங் மேடானில் கலவரம் நடந்து 6 பேர் செத்தார்கள். 2009இல் இங்கே குளுகோரில் மாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலா மக்களின் வீடுகள் இடிபட்டன. பல பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரத்தில் சிக்கல். பத்திரம் இல்லாவிட்டால் மைகாட் என்ற அடையாள அட்டை இல்லை, மைகாட் இல்லாவிட்டால் முறையான வேலையும் இல்லை, பேங்க் கணக்கும் இல்லை. அப்படிப்பட்ட பையனை எந்தக் கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் ஒரே இடம் எது என்று உங்களுக்கே தெரியும்.

இதில் இன்னொரு நிர்வாகக் கூத்தும் உண்டு. 2016இல் நாட்டில் வறுமை 0.4 விழுக்காடுதான் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. ஏனென்றால் ஒரு குடும்பம் மாதம் 980 ரிங்கிட்டில் வாழலாம் என்று கோடு கிழித்திருந்தார்கள். ஐநாவின் சிறப்பு அதிகாரி 2019இல் வந்து பார்த்து இது கண்துடைப்பு என்கிற அளவுக்குக் குறை சொன்னார். பிறகு கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு நகர்த்தினார்கள். உடனே 2019ஆம் ஆண்டு வறுமை 5.6 விழுக்காடு ஆகிவிட்டது. இல்லை என்று எழுதிவைத்த ஏழைக்கு உதவித் திட்டம் எப்படிப் போய்ச் சேரும்?

"அப்படியானால் கடுமையாக நடந்துகொண்டால் தீராதா?" என்று பலர் கேட்பார்கள். எல் சல்வடோரைக் காட்டுவார்கள். அங்கே 2015இல் ஒரு லட்சம் பேருக்கு 100 கொலைக்கு மேல். 2022 மார்ச்சில் அவசரநிலை போட்டு 80,000 பேருக்கு மேல் உள்ளே தள்ளினார்கள். அரசுக் கணக்குப்படி கொலை இப்போது 2க்கும் கீழே. அந்த எண்ணை மறுக்க நான் தயாரில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அங்கே தத்துவம் பேசவும் மாட்டேன். ஆனால் நம்மிடம் அதே மருந்து இருந்ததே. 1969 அவசரச் சட்டத்தில் விசாரணை இல்லாமல் பிடித்து சிம்பாங் ரெங்காம் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். போகும்போது பினாங்கில் மட்டும் ஆள் தெரியும். வரும்போது ஜொகூர்வரை தெரியும். அந்தச் சட்டம் போனதும், 2013இல் துப்பாக்கிச் சூடுகள் தொடர்ந்தபோது, அதைக் காரணம் காட்டிக் குற்றத் தடுப்புச் சட்டத்துக்குப் புதுப் பற்கள் கட்டினார்கள். ஆதாரம் சேர்த்து, சாட்சியைக் காப்பாற்றி, வழக்கு நடத்தி ஜெயிக்கும் பழக்கம் வளர்வதற்குள் குறுக்குவழி திரும்பி வந்துவிட்டது.

சாட்சி என்றதும் இன்னொன்று. கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட குகன் என்ற இளைஞர் 2009 ஜனவரியில் காவலில் இறந்தார். அவருக்கு முன்னும் பின்னும் பலர். போலீஸ் சீர்திருத்த அரச ஆணையம் 2005இலேயே 125 பரிந்துரைகள் கொடுத்து, சுதந்திரமான புகார் ஆணையம் வேண்டும் என்றது. 2023 ஜூலையில்தான் ஓர் ஆணையம் நடப்புக்கு வந்தது. அதற்கும் தானே தண்டிக்கும் அதிகாரம் கிடையாது, பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். பதினெட்டு வருடம் இழுத்த இந்த இழுப்பின் விலை என்னவென்றால், பிளாட்டில் ஒரு வெட்டுக்குத்து நடந்தால் பார்த்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள், வாக்குமூலம் கொடுப்பவர் ஒருவர் கூட இருக்கமாட்டார். குண்டர்களுக்குப் பயம் பாதி. பாலாய்க்குள் போனால் நமக்கு என்ன ஆகுமோ என்ற பயம் மீதி. நேர்மையான அதிகாரிகளும் இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குப் போன் செய்து, "லாயர், இந்தப் பையனுக்கு இதில் சம்பந்தமில்லை, சீக்கிரம் வாங்க" என்று சொன்னவர் ஒரு போலீஸ்காரர்தான். அப்படிப்பட்டவர்களுக்கும் சாட்சி கிடைப்பதில்லை.

உங்கள் அப்பா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். ஒரே பிளாட்டில், ஒரே மாடியில், ஒரே சம்பளத்தில் இருக்கும் இரண்டு வீடுகளில் ஒரு பிள்ளை டிப்ளோமா படிக்கிறான், இன்னொருவன் என்னிடம் வருகிறான். அந்த வித்தியாசம் வீட்டுக்குள் இருந்து வரலாம். ஆனால் ஒரு பிளாட்டே முழுக்க அப்படி இருந்தால், எல்லா அப்பாக்களுக்கும் ஒரே சமயத்தில் வளர்க்கத் தெரியாமல் போய்விட்டது என்று நான் நம்பத் தயாரில்லை. நானூறு வீட்டுக்கு இரண்டு லிஃப்ட், அதில் ஒன்று எப்போதும் பழுது. அம்மாவும் அப்பாவும் மாறி மாறி ஷிஃப்ட். வளர்ப்புக்கும் நேரமும் இடமும் வேண்டும்.

உங்கள் கட்டுரைக்கு ஒரு எச்சரிக்கை. நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது திருட்டு வழக்குகளின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். பாலாய் எவ்வளவு நல்லதோ அவ்வளவு புகார் வரும். ஆகவே நல்ல நிர்வாகம் உள்ள நாட்டில் குற்றம் அதிகம்போலத் தெரியும். மேலே சொன்ன அந்த அம்மாவின் புகார் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்பதை நினைவில் வையுங்கள். இந்தியாவில் மகளிர் காவல் நிலையங்கள் திறந்த இடங்களில் பெண்களுக்கு எதிரான குற்றப் புகார்கள் கூடின. அதற்கு அர்த்தம் குற்றம் கூடியது என்பதில்லை, சொல்ல ஓர் இடம் கிடைத்தது. பிணத்தை மறைப்பது கஷ்டம் என்பதால் கொலை விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத் தரத்துக்கு உலக வங்கியின் ஆறு குறியீடுகள் 1996லிருந்து கிடைக்கும். அவை பெரும்பாலும் நிபுணர்கள், நிறுவனங்கள், மக்களின் அபிப்பிராயங்களைத் திரட்டியவை என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள், பரிசோதகருக்குப் பிடிக்கும்.

ஒரு காலைப் பொழுது கிடைத்தால் லைட் தெருவில் உள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பின்வரிசையில் வந்து உட்காருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் தடுக்கமாட்டார்கள். சிலிப்பர் மட்டும் போட்டுக்கொண்டு வராதீர்கள்.